பாலாற்றங்கரைக்கு ஓர் இதழ் வேண்டும்

தமிழ்ப் புதுக்கவிதையின் முதன்மையான கவிஞர்களுள் ஒருவரான பிரமிள் வேலூரை அடுத்த கரடிக்குடியில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1997 ஜனவரி 6 அன்று அவர் காலமானதும் அங்கேதான். அந்தப் பக்கம் தினமும் பேருந்தில் போய்வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு கேள்வி.

1939இல் இலங்கையின் திருகோணமலையில் பிறந்தவர் அவர். தொடக்கத்தில் தருமு சிவராமு என்ற பெயரில் எழுதினார். சென்னையிலிருந்து சி.சு. செல்லப்பா நடத்திய ‘எழுத்து’ இதழில் அவருடைய கவிதைகள் வரத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபதுதான். 1959 ஜனவரியில் தொடங்கிய அந்த இதழுக்கு விளம்பர வருமானம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நட்சத்திர எழுத்தாளர்களும் கிடையாது. கடல் கடந்து தபாலில் வந்த ஓர் இளைஞரின் எழுத்தைப் படித்துப் பார்த்து, இது கவிதை என்று முடிவுசெய்து அச்சேற்றும் துணிச்சல் ஓர் ஆசிரியரிடம் இருந்தது. சி. மணி, வைத்தீஸ்வரன், வெங்கட் சாமிநாதன் என்று பலர் அந்த இதழின் வழியாகத்தான் தமிழுக்கு அறிமுகமானார்கள். 1970இல் ‘எழுத்து’ நின்றுவிட்டது. அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தது.

வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ இன்று எழுதத் தொடங்கும் பத்தொன்பது வயதுப் பெண் தன் முதல் கதையை எங்கே அனுப்புவார்? தமிழ்ச் சிற்றிதழ் வரலாற்றைச் சொல்பவர்கள் ஊர்களை அடுக்குவதுண்டு. சேலத்தில் ‘நடை’, கோவையில் ‘வானம்பாடி’, ஊட்டியில் ‘மீட்சி’, நாகர்கோவிலில் ‘காலச்சுவடு’, கோவில்பட்டியில் ‘கல்குதிரை’. இந்த வரிசையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை போன்ற பாலாற்றங்கரைத் தோல் நகரங்களின் பெயர் அரிதாகவே வருகிறது.

இத்தனைக்கும் எழுத்தாளர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் ‘தகப்பன் கொடி’ நாவலாலும் சிறுகதைகளாலும் தமிழகம் முழுக்க அறியப்பட்டவர். ராணிப்பேட்டைக்குப் பக்கத்து லாலாப்பேட்டையிலிருந்து வந்த சுகிர்தராணியின் கவிதைகள் இந்திய மொழிகளைத் தாண்டிப் போயிருக்கின்றன. 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பாமாவின் எழுத்தோடு அவருடைய கவிதைகளையும் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஆம்பூரின் யாழன் ஆதி தலித் கவிதையில் தனியிடம் பெற்றவர். இன்னும் பின்னால் போனால், மதுரையில் பிறந்த கவிஞர் அப்துல் ரகுமான் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் முப்பது ஆண்டளவு தமிழ் கற்பித்தார். 1974இல் வந்த ‘பால்வீதி’ அவர் அங்கே பணியாற்றிய காலத்து நூல். தமிழில் கஜல் எழுதிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் உருதுக் கவியரங்குகள் விடிய விடிய நடக்கும் ஓர் ஊரில் வாழ்ந்தவருக்கு வந்ததில் வியப்பில்லை.

ஆனால் இவர்களுக்கு மேடை கொடுத்த இதழ்களும் பதிப்பகங்களும் வெளியூர்க்காரர்களுடையவை. 1997இல் சென்னையில் தொடங்கிய ‘தலித் முரசு’ இந்த வட்டாரத்துக் குரல்களுக்கு இடம் தந்தது. சுகிர்தராணியின் தொகுப்புகளை நாகர்கோவில் காலச்சுவடு வெளியிட்டது. அவர்கள் செய்தது பெரிய காரியம்; அதில் குறை காண ஒன்றுமில்லை. குறை இந்த ஊர்களின் பக்கம்தான்.

தோல் வியாபாரத்தின் பழைய கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆவாரம் பட்டை போட்டுப் பாதி பதனிட்ட ‘கிழக்கிந்தியத் தோல்’ இங்கிருந்து பல தலைமுறைகளாகக் கப்பலேறியது. அதை முழுத் தோலாகவும் செருப்பாகவும் ஆக்கி லாபம் பார்த்தது ஐரோப்பா. 1972இல் சீதாராமையா குழு அமைந்து, பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகுதான் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் முழுத் தோலுக்கும் ஷூவுக்கும் மாறின. எழுத்து விஷயத்தில் இந்த வட்டாரம் இன்னும் 1972க்கு முந்தைய நிலையிலேயே இருக்கிறது. அனுபவமும் ஆளும் இங்கே. அதைத் தேர்ந்து, திருத்தி, அச்சிட்டு வாசகரிடம் சேர்க்கும் வேலை வெளியூரில்.

இந்தக் காலத்தில் அச்சிதழ் எதற்கு, கைபேசி இருக்கிறதே என்று கேட்பார்கள். எழுதியதைப் பத்து நிமிடத்தில் ஆயிரம் பேருக்குக் காட்டிவிடலாம் என்பது உண்மைதான். அங்கே கிடைக்காதது ஒரே ஒரு ஆள்: ஆசிரியர். “மூன்றாவது பத்தியில்தான் கதை தொடங்குகிறது, முதல் இரண்டையும் எடுத்துவிடுங்கள்” என்று சொல்லக்கூடிய ஆள். “இது வேறொருவர் குரல், உங்களுடையது எங்கே?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடிய ஆள். நண்பர்கள் இதைச் சொல்வதில்லை. விருப்பக்குறி போடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல நேரமில்லை. புதிய எழுத்தாளருக்கு இன்று பாராட்டு தாராளமாகக் கிடைக்கிறது. காரணம் சொல்லி மறுப்பவர் கிடைப்பதில்லை. ஒரு சிற்றிதழ் ஆண்டுக்கு நாற்பது படைப்புகளை வெளியிடுகிறது என்றால், அதைவிடப் பெரிய சேவை மற்ற நானூறுக்கும் இரண்டு வரியாவது பதில் எழுதுவது. (தன் கவிதையைத் தன் இதழின் முதல் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் ஆசிரியர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அவர்கள் தனி ரகம்.)

ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதியில் இலக்கிய இதழ் எடுபடுமா என்ற சந்தேகமும் உண்டு. வரலாறு இந்தச் சந்தேகத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழைத் தொடங்கினார். விலை ஒரு பைசா. பெயரும் ‘ஒரு பைசாத் தமிழன்’. ஓராண்டுக்குப் பிறகு வெறும் ‘தமிழன்’ ஆயிற்று. அதன் வாசகர்கள் யார்? பெரும்பகுதி உழைக்கும் மக்கள். கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்கள் அதில் முக்கியமானவர்கள். அந்தச் சுரங்கத் தொழிலாளர்களில் மிகப் பலர் இன்றைய வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள். ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட ‘தமிழ’னுக்கு வாசகர் இருந்தார்கள். பண்டிதர் நிறுவிய பௌத்த சங்கத்துக்குத் திருப்பத்தூரில் கிளை இருந்தது. அங்கிருந்து ஏ.பி. பெரியசாமிப் புலவர் போன்றவர்கள் அந்த வட்டத்தில் எழுதினார்கள், பேசினார்கள்.

1914இல் பண்டிதர் இறந்தார். சில காலத்தில் இதழும் நின்றது. ஆனால் 1926இல் ‘தமிழன்’ மீண்டும் வந்தது, இம்முறை தங்கவயலிலிருந்தே. நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். பூமிக்கடியில் வேலை செய்தவர்களின் ஊர், தலைநகரில் நின்றுபோன ஓர் இதழை எடுத்து நடத்தியது என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டு மாடி ஷோரூம்களும் பொறியியல் கல்லூரிகளும் நிறைந்த இன்றைய பாலாற்றங்கரைக்கு ‘முடியாது’ என்று சொல்ல வாயிருக்காது.

அந்த இதழ்கள் பிழைத்து வந்த விதமும் பாடம். அரசு நூலகம் எதுவும் அவற்றை முழுமையாகச் சேர்த்து வைக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்ற தனிமனிதர்கள் வீட்டில் பாதுகாத்தார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று வெளியிட்டபோதுதான் இப்படி ஒரு சிந்தனையாளர் இருந்தார் என்பதே பலருக்குத் தெரியவந்தது. எண்பத்தைந்து ஆண்டு மறதி. புதிதாக இதழ் தொடங்குகிறவர்கள் ஒவ்வொரு இதழிலும் சில படிகளைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்கு முதல் நாளே அனுப்பிவிட வேண்டும்.

இன்னொரு முன்னுதாரணம் யாழ்ப்பாணத்தில். டொமினிக் ஜீவா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். முடிதிருத்தும் தொழிலாளி. கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூன்தான் அவருடைய பிழைப்பு. 1966 ஆகஸ்டில் அவர் ‘மல்லிகை’யைத் தொடங்கியபோது அந்தச் சலூனே அலுவலகமாகவும் இருந்தது. முடிவெட்டிக்கொள்ள வந்தவர்களோடு எழுத்தாளர்களும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். இதழ் அச்சாகி வந்ததும் தானே கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் விற்றார். சாதியால் ஒடுக்கப்பட்டவர் என்பதை மறைக்கவும் இல்லை, அதை மட்டுமே சொல்லிக்கொண்டு நிற்கவும் இல்லை. மலையகத்தின் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளும், சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் தென்னிலங்கையில் திக்குவல்லை போன்ற ஊர்களின் முஸ்லிம் இளைஞர்களும் ‘மல்லிகை’யில் எழுதினார்கள். போர் அவரைக் கொழும்புக்குத் துரத்தியது. அங்கிருந்தும் நடத்தினார். நானூறு இதழ்களை எட்டியது ‘மல்லிகை’. 2021 ஜனவரியில் ஜீவா மறைந்தார்.

சலூனில் முடிந்தது, தோல் மண்டியின் மாடியில் ஒரு மேசை நாற்காலி போட்டு முடியாதா?

பணம்தான் அடுத்த கேள்வி. இதற்குச் சிகாகோவின் கதை ஒன்று பொருந்தும். அந்நகரம் அப்போது கசாப்புக் கூடங்களுக்கும் இறைச்சி ஆலைகளுக்கும் பேர்போனது. நாற்றத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் கேலியில் ஆம்பூருக்குச் சற்றும் குறையாத ஊர். 1912இல் ஹாரியட் மன்றோ என்ற பெண்மணி ‘பொயட்ரி’ என்ற கவிதை இதழைத் தொடங்க விரும்பினார். ஒரே செல்வந்தரிடம் போய் நிற்கவில்லை. வணிகர்கள், வழக்கறிஞர்கள், தொழிலதிபர்கள் என்று நூறு பேரைத் தேடிப் போய், ஆண்டுக்கு ஐம்பது டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்குத் தருவதாக ஒப்புக்கொள்ள வைத்தார். ஐம்பது டாலர் கொடுத்தவருக்கு ஆசிரியரை அதட்டும் துணிச்சல் வராது. ஐந்தாண்டு உறுதி இருப்பதால் ஆசிரியருக்கும் அடுத்த இதழைப் பற்றிய பயம் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் 1915இல் டி.எஸ். எலியட் என்ற, அன்று யாருக்கும் தெரியாத இளைஞரின் நீண்ட கவிதையை அவர் வெளியிட்டார். அந்த இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

இதை உள்ளூர்க் கணக்காக்கிப் பார்க்கலாம். ஆண்டுக்கு நான்கு இதழ். 500 பேர் 400 ரூபாய் சந்தா கட்டினால் 2 லட்சம். 100 பேர் ஆளுக்கு 2,000 ரூபாய் புரவலர் தொகை கொடுத்தால் இன்னொரு 2 லட்சம். ஆம்பூரில் ஒரு கல்யாணத்தின் பிரியாணிச் செலவு இதைத் தாண்டும். இந்தப் பணத்தில் அச்சுக்கும் தபாலுக்கும் போக, எழுதுகிறவர்களுக்குச் சிறு தொகையாவது கொடுக்க வேண்டும். சிற்றிதழ் என்றால் சன்மானம் கிடையாது என்பது தமிழில் ஒரு புனித மரபாகவே ஆகிவிட்டது. அச்சகத்துக்குப் பணம் உண்டு, காகிதக் கடைக்கு உண்டு, கதை எழுதியவருக்கு மட்டும் இல்லை என்பதில் என்ன இலட்சியம் இருக்கிறது? பீஸ் ரேட்டில் வேலை செய்யும் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுத்து எழுதுகிறார் என்றால், 500 ரூபாயாவது அவர் கைக்குப் போகத்தான் வேண்டும்.

யார் பணம் என்பதையும் கேட்டாக வேண்டும். இந்த வட்டாரத்தில் பணம் இருப்பது தோல் தொழிலில். ஆனால் இங்கே எழுதப்பட வேண்டியவற்றில் பாதி அந்தத் தொழிலைப் பற்றியதாகவே இருக்கும். பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கழிவு கெடுத்தது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பை இந்தியாவின் சட்ட மாணவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். தீர்ப்பும் விசாரணைக் கோப்பும் ஏற்றுமதிப் புள்ளிவிவரமும் இந்த ஊர்களைப் பற்றி ஏராளமாக உண்டு. அந்த அதிகாலையைப் பற்றிய ஒரு நல்ல கதை ஆசிரியரின் மேசைக்கு வந்தால், முதலாளி கொடுத்த பணத்தில் நடக்கும் இதழ் அதை வெளியிடுமா? எனவே எந்த ஒருவரும், எந்த ஒரு நிறுவனமும் மொத்தச் செலவில் நூற்றில் இரண்டு பங்குக்கு மேல் தரக் கூடாது என்று முதல் இதழிலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது. பணத்தின் மூலத்தைக் கேட்கும் வழக்கம் இந்த மண்ணுக்கு அந்நியமில்லை. 2023இல் தனக்கு அறிவிக்கப்பட்ட ‘தேவி’ விருதை, அதன் முதன்மை ஆதரவாளர் அதானி குழுமம் என்று அறிந்ததும் சுகிர்தராணி வேண்டாமென்று சொன்னார்.

சட்ட விஷயம் அவ்வளவு கடினமில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றிப் புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. விண்ணப்பம் இணையத்திலேயே. சிக்கல் தபாலில் இருந்தது. பதிவு பெற்ற பத்திரிகைக்கான மலிவுக் கட்டணம் 31 நாளுக்கு மிகாத இடைவெளியில் வரும் இதழுக்கே என்று 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் வகுத்தது. காலாண்டிதழ்கள் அந்தச் சலுகைக்கு வெளியே நின்றன. தமிழில் பாதிச் சிற்றிதழ்கள் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அட்டையில் போட்டுக்கொண்டு நண்பர்கள் வழியாகக் கைமாறியதற்கு இப்படிப்பட்ட விதிகளும் ஒரு காரணம்.

யார் எழுதுவார்கள்? காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகக் கிராமத்து நிறுத்தங்களில் நிற்கும் பெண்களில் பலர் பள்ளி இறுதி வரை, சிலர் கல்லூரி வரை படித்தவர்கள். ஷூ அப்பர் தைக்கும் கூடத்தைப் பற்றி அங்கே தைப்பவர் எழுதிய தமிழ்க் கதையை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? குடியாத்தத்தின் நெசவாளர், பீடி சுற்றுபவர், தீப்பெட்டித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் உருதும் வெளியில் தமிழும் பேசி வளர்ந்த முஸ்லிம் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரே தெருவில் இருந்தும் உருதுக் கவிஞர் யாரென்று தமிழ் வாசகருக்குத் தெரியாது, தமிழ்க் கவிஞர் யாரென்று உருது வாசகருக்குத் தெரியாது. ஒவ்வொரு இதழிலும் உருதுவிலிருந்து நான்கு பக்க மொழிபெயர்ப்பு என்று வைத்தால், தமிழில் வேறெந்த ஊர் இதழும் எளிதில் செய்ய முடியாத ஒன்றைப் பாலாற்றங்கரை இதழ் செய்துவிடும். கெடு தேதி, கூட்டம், பட்டறை எல்லாம் ஷிஃப்ட்டுக்கு ஏற்ப ஞாயிறு பிற்பகலில் இருக்க வேண்டும். கையெழுத்தில் வரும் படைப்புகளையும் ஏற்க வேண்டும்.

சிற்றிதழ்களின் பழைய நோய் ஒன்று, ஆசிரியரோடு இதழும் முடிந்துபோவது. செல்லப்பா ஓய்ந்ததும் ‘எழுத்து’ ஓய்ந்தது. ஜீவா தளர்ந்ததும் ‘மல்லிகை’ நின்றது. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆசிரியர் குழு மாற வேண்டும், புதிய குழுவில் பாதிப் பேர் அதே இதழில் முதன்முதலாக எழுதியவர்களாக இருக்க வேண்டும் என்ற விதியைத் தொடக்கத்திலேயே போட்டுக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம். தவிர்க்க முடியாமல் போனாலும் பரவாயில்லை. பன்னிரண்டு இதழோடு நின்ற நல்ல இதழ், நூறு இதழ் வந்த சுமாரான இதழைவிட மேல்.

அரசுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி தமிழகத்தில் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் வசூலாகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் நகராட்சிகளில் ஆலைகளும் கிடங்குகளும் கட்டும் சொத்து வரியிலும் அந்தப் பங்கு சேர்கிறது. வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் நூலக ஆணைக்குழுக்கள் தங்கள் கிளை நூலகம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஓர் உள்ளூர் இதழின் ஒரு படியை முழு விலை கொடுத்து, முன்பணமாக வாங்க வேண்டும். இஸ்லாமியாக் கல்லூரியும் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியும் தங்கள் தமிழ்த் துறைகள் வழியே முதல் ஐம்பது சந்தாக்களைப் பொறுப்பேற்கலாம். இந்த வட்டாரத்தின் எழுத்தாளர்கள், வாசிக்கும் ஆசிரியர்கள், தொழிற்சங்கத்தினர் பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி ஆசிரியர் குழுவை அமைத்துச் சந்தாப் புத்தகம் அச்சடிக்கட்டும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு யாராவது வீட்டுக் கதவைத் தட்டினால், முதல் இதழ் வரட்டும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பாமல், அன்றைக்கே 400 ரூபாயைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.